மேலா, கீழா?

கோயமுத்தூர் அவிநாசி சாலையில் பஸ்ஸில் போகும்போது ஆஸ்பத்திரிப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். கார்டியாலஜி, நெப்ராலஜி, டெர்மடாலஜி! "இதெல்லாம் டாக்டர்கள் சமாசாரம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். இவை இங்கிலீஷ் வேஷம் போட்ட கிரேக்கச் சொற்கள். கார்டியா என்றால் இருதயம், நெப்ரோஸ் சிறுநீரகம், டெர்மா தோல். வாலாக ஒட்டியிருக்கும் 'லஜி', அதைப் பற்றிய ஆராய்ச்சி. அவ்வளவுதான்!

கிரேக்கருக்கும் கொங்கு நாட்டுக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. காங்கயத்தை அடுத்த படியூரில் பெரில் என்னும் பச்சை ரத்தினக் கல் கிடைத்தது. நொய்யல் கரைக் கொடுமணலில் அந்தக் கல்லில் மணி செய்தார்கள். 'வேளுரிய' என்ற நம் நாட்டுப் பிராகிருதச் சொல்தான் கிரேக்கர் வாயில் 'பெரில்லோஸ்' ஆகி, இங்கிலீஷில் 'பெரில்' ஆயிற்று. நாம் கொடுத்ததை அவர்கள் கூசாமல் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் சொல்லை நாம் வாங்கிக்கொள்ள வெட்கம் என்ன?

எல்லாச் சொல்லையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டே இரண்டு முன்னொட்டுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஹைப்பர், ஹைப்போ. ஹைப்பர் என்றால் மேலே, அதிகம். ஹைப்போ என்றால் கீழே, குறைவு. காதுக்கு இரட்டைப் பிள்ளைகள். குணத்தில் கீரியும் பாம்பும்!

ஞாபகம் வைப்பது எப்படி? 'உபரி வருமானம்' என்கிறோமே, அந்த உபரிக்கும் ஹைப்பருக்கும் ஒரே மூதாதை. 'உப தலைவர்' என்கிறோமே, அந்த உபவுக்கும் ஹைப்போவுக்கும் ஒரே மூதாதை. சமஸ்கிருதமும் கிரேக்கமும் ஒரே குடும்பம் அல்லவா? உபரி மிச்சம், உப தலைவர் தலைவருக்குக் கீழே. இனி மறக்குமா?

இந்த வித்தியாசம் உயிர் விஷயம். சர்க்கரை அதிகமானால் ஹைப்பர்கிளைசீமியா, குறைந்தால் ஹைப்போகிளைசீமியா. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சர்க்கரை அளவு 70க்குக் கீழே போனால், அது ஹைப்போ. "சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரையா?" என்று தயங்கக் கூடாது. நினைவிருந்தால் மூன்று, நான்கு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

தைராய்டும் இப்படித்தான். கிரேக்க மொழியில் இதற்குக் 'கேடயம் போன்றது' என்று பொருள். கழுத்தில் இருக்கும் இந்தச் சுரப்பி சோம்பினால் ஹைப்போ: உடம்பு கனக்கும், அசதி தட்டும். அளவு மீறி வேலை செய்தால் ஹைப்பர்: உடம்பு இளைக்கும், நெஞ்சு படபடக்கும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். அதிகம் என்று கண்டால் ஹைப்பர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்! டி.எஸ்.எச். என்பது தைராய்டை வேலை வாங்கும் மேஸ்திரி. ஆள் சோம்பினால்தானே மேஸ்திரி அதிகம் கத்துவார்? அதனால் டி.எஸ்.எச். ஏறியிருந்தால் பெரும்பாலும் ஹைப்போதான்.

ஆகவே, "எனக்கும் தைராய்டுதானுங் அம்மிணி, இந்த மாத்திரையையே போட்டுப் பாரு" என்று அடுத்த வீட்டு அக்கா அன்போடு நீட்டினால், கும்பிட்டு வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அவருக்கு ஹைப்போ, உங்களுக்கு ஹைப்பர் என்றால், அவருக்கு மருந்தானது உங்களுக்கு விஷம். டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "மேலாங்க, கீழாங்க?"

அடுத்த வாரம், ஆர்த்ரைட்டிஸ், காஸ்ட்ரைட்டிஸ் என்று நம் வீடுகளில் நடமாடும் 'ஐட்டிஸ்' வாலைப் பிடித்துப் பார்ப்போம்.