புரோக்கர் பார்த்த கதை

"மாமி, எனக்கு ஒரு நல்ல புரோக்கர் வேணும். உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் எதிர்வீட்டுப் பெண்.

நான் திடுக்கிட்டுப் போனேன். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருக்கின்றன!

"ஐயோ, கல்யாணப் புரோக்கர் இல்லை மாமி, கஸ்டம்ஸ் புரோக்கர்!" என்று சிரித்தாள்.

விஷயம் இதுதான். பித்தளை விளக்கு, கைத்தறிப் புடவை, அப்பளம், வடகம் என்று வெளிநாட்டுக்கு அனுப்ப ஆசைப்படும் சிறு வியாபாரிகள் எத்தனையோ பேர். ஆனால் ஒரு முழுக் கன்டெய்னரை நிரப்ப அவர்களிடம் சரக்கு இருக்காது. இருபதடிக் கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். ஒருவரிடம் 2 கன மீட்டர் இருக்கும், இன்னொருவரிடம் 3 இருக்கும். பத்துப் பேர் சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்துக் கப்பலேற்றி, அவரவர் சரக்குக்குத் தக்கபடி கட்டணம் வாங்குவதுதான் அவளும் அவள் கணவரும் ஆரம்பித்திருக்கும் தொழில். சரக்குக்காரர்களுக்காகச் சுங்க இலாகாவில் காகிதம் தாக்கல் செய்து அனுமதி வாங்கித் தர, லைசென்ஸ் உள்ள புரோக்கர் ஒருவர் தேவை.

வேடிக்கை பார்க்கும் ஆசையில் நானும் கூடப் போனேன். ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கமாக இரண்டு பேரைப் பார்த்தோம்.

முதல் ஆசாமி குளிர்பானம் கொடுத்து உபசரித்தார். "கவலையே படாதீங்கம்மா. உள்ளே எல்லாரும் நமக்குத் தெரிஞ்சவங்க. லிஸ்டை மட்டும் கொடுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார். கேட்ட கூலியும் குறைவு.

இரண்டாமவர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, கேள்விகளாகவே கொடுத்தார். "ஒவ்வொரு வியாபாரிக்கும் ஏற்றுமதி, இறக்குமதி நம்பர் இருக்கா? ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கா? சொன்ன விலாசத்திலே கடை இருக்கான்னு பார்த்தீங்களா? அப்பளப் பெட்டியிலே அப்பளந்தான் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" இத்தனைக்கும் கூலி அதிகம்!

"சந்தேகப் பிராணி, மாமி! முதல் ஆளையே வெச்சுக்கலாம்" என்றாள் திரும்பும்போது.

அன்று மாலை என் சித்தப்பா வந்திருந்தார். துறைமுகத்திலே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கதையைக் கேட்டுவிட்டு, "அசடே, அந்தச் சந்தேகப் பிராணியை விட்டுடாதே!" என்றார்.

"அவர் கேட்ட கேள்வியெல்லாம் 2018-ஆம் வருஷத்து விதிகளிலே புரோக்கரின் கடமையாகவே எழுதியிருக்கு. சரக்குக்காரர் சட்டப்படி நடக்கலேன்னா, எடுத்துச் சொல்லணும். கேட்கலேன்னா அதிகாரிக்குத் தெரிவிக்கணும். 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 147-ஆம் பிரிவைப் பார். ஏஜண்டு செய்தது சொந்தக்காரர் சம்மதத்தோடு செய்ததாகவே வெச்சுக்குவாங்க, இல்லேன்னா நிரூபிக்கணும். 'நான் பார்த்துக்கறேன்'னு அவன் சொல்லிடுவான். பதில் சொல்ல வேண்டியது உன்னை நம்பிச் சரக்கைக் கொடுத்தவங்க!"

பிறகு தாம் கண்ட ஒரு சம்பவத்தைச் சொன்னார். பலர் சரக்கு ஏற்றிச் சீல் வைத்த கன்டெய்னர் ஒன்று. யாரோ ஒருவருடைய பெட்டியில் எழுதிக் கொடுத்தது ஒன்று, இருந்தது வேறொன்று. கன்டெய்னர் நின்றுவிட்டது, கப்பல் போய்விட்டது. ஒரு பாவமும் அறியாத மற்றவர்களின் சரக்கும் கூடவே கிடந்தது. அதில் ஒருவருடைய பொங்கல் பானைகள் பொங்கல் முடிந்த பிறகு ஊர் போய்ச் சேர்ந்தனவாம்!

அந்தப் பெண் பேசவேயில்லை. தன்னை நம்பிப் புடவைக்கட்டுக் கொடுத்த நெசவுக்காரர் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

சித்தப்பா இன்னும் சில யோசனைகள் சொன்னார். வாசகிகளுக்கும் உபயோகப்படும். லைசென்ஸ் அவருடையதுதானா என்று பாருங்கள். அதை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ கூடாது. அவருடைய ஆட்களிடம் இலாகா கொடுத்த அட்டை இருக்கிறதா? பலர் சரக்கைச் சேர்த்து அனுப்பிப் பழக்கமுண்டா? அவர் கூலி எவ்வளவு, ரசீதோடு கட்ட வேண்டிய கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுநாளே அவள் சந்தேகப் பிராணியை அமர்த்திவிட்டாள். போன மாதம் முதல் கன்டெய்னரும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

அதில் ஒரு மூலை மட்டும் காலியாம். ஒரு வியாபாரி பெட்டிகளோடு வந்திருக்கிறார். "பிரிச்சுக் காட்டுங்க" என்றிருக்கிறாள் இவள். அவர் கோபித்துக்கொண்டு பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"இரண்டு கன மீட்டர் கட்டணம் போச்சு மாமி. ஆனா அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்" என்றாள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தப் பெட்டிகளுக்குள் என்னதான் இருந்திருக்கும்?