பலகை இருக்கு, ஆள் எங்கே?

இரணியலில் பெட்டிக்கடைக்காரர் மேல் வழக்குப் போடுங்கள். அமீனா கடையிலேயே சம்மனைக் கொடுத்துவிடுவார். ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி மேல் போட்டுப் பாருங்கள், தெரியும் சேதி! 'கதவு பூட்டு' என்று கவர் திரும்பி வரும்.

2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், 12-வது பிரிவு, தபால் வாங்கப் பதிவு அலுவலகம் கேட்கிறது. வாசலில் உள்ளூர் மொழியிலும் பெயர்ப்பலகை வேண்டும். தவறினால் நாளுக்கு 1,000 ரூபாய், லட்சம் வரை அபராதம். சரி, கையெழுத்துப் போட்டு வாங்க ஆள்? பெயர் கேட்கவில்லை! "டைரக்டர்கள் இருக்காங்களே" என்பார் வக்கீல். இருக்காங்க, எந்த ஊரில்?

அதே சட்டம், 380-வது பிரிவு, வெளிநாட்டுக் கம்பெனி இங்கே கடை விரித்தால், நோட்டீஸ் வாங்கவென்றே இந்தியாவில் வசிக்கும் ஒருவரின் பெயர், விலாசம் கொடு என்கிறது. நியூயார்க்காரருக்கு ஒரு நியாயம், நாகர்கோவில்காரருக்கு ஒரு நியாயமா?

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 'ரிஜிஸ்டர்டு ஏஜென்ட்' இல்லாமல் கம்பெனி பதிய முடியாது. அதிலும் கூத்து உண்டு. டெலவேரின் வில்மிங்டனில் ஒரே கட்டடம், 2012 கணக்குப்படி 2,85,000 கம்பெனிகளின் விலாசம்! இருந்தாலும் சம்மன் வாங்க அங்கே ஆள் உண்டு.

இங்கேயும் அந்த ஒரு பெயரைச் சட்டம் கேட்கட்டும். அதுவரை, அட்வான்ஸ் கொடுக்குமுன் நீங்களே கேளுங்கள்: "நாளைக்கு நோட்டீஸ் வந்தால் யார் சார் வாங்குவீங்க?"