வழி இருந்தால்தானே நடை!

இங்கிலாந்தில் மான்செஸ்டரில் இருந்து சுமார் 24 கிலோமீட்டர் தள்ளி ஹேஃபீல்ட் என்று ஒரு கிராமம் இருக்கிறது. டெர்பிஷயர் பகுதி. கல்லால் கட்டிய வீடுகள், ஒரு தேவாலயம், சில பப்புகள், ஊருக்குள்ளேயே ஓடும் செட் என்கிற சின்ன ஆறு. அவ்வளவுதான் ஊர். நம்மவர்கள் லண்டன் போனால் தேம்ஸ் நதியில் படகு, மெழுகுச் சிலைகள், ஒரு கிரிக்கெட் மைதானம் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஹேஃபீல்ட் யாருடைய பட்டியலிலும் இருக்காது.

ஆனால் "சும்மா நடக்கணும்" என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த மாதிரி ஊர்தான் சொர்க்கம். கவனிக்கவும், மலை ஏற அல்ல, நடக்க!

ஊரில் இருந்து நியூ மில்ஸ் என்கிற பக்கத்து ஊர் வரைக்கும் செட் ஆற்றை ஒட்டி 4 கிலோமீட்டருக்கு ஒரு பாதை போகிறது. முன்பு ரயில் ஓடிய தடம் அது. 1970இல் ரயிலை நிறுத்திவிட்டார்கள், தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், பாதையாக விட்டுவிட்டார்கள். ரயில் தடம் என்பதால் ஏற்றமே தெரியாது. பாட்டிகள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவர்கள், நாயைக் கூட்டி வருகிறவர்கள், குதிரைக்காரர்கள் எல்லோரும் போகலாம். இன்னொரு பக்கம் கிண்டர் ரோடு வழியாகப் போனால் பௌடன் பிரிட்ஜ் என்கிற சின்னப் பாலம் வரும். அதைத் தாண்டி ஓடையை ஒட்டி நடந்தால் 1912இல் கட்டி முடித்த கிண்டர் நீர்த்தேக்கம். அங்கே கொஞ்சம் ஏற்றம் உண்டு, மூச்சு வாங்கினால் நின்று பார்க்க எதிரே கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலம் நீட்டிப் படுத்திருக்கும். 636 மீட்டர்தான் உயரம். நம் கொடைக்கானலுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு மலையா என்று கேட்பவர்கள் கேட்கலாம்.

இப்போது 'டிரெக்கிங்' என்றால்தான் மதிப்பு. நடை என்றால் அதற்கு ஒரு சிகரம் வேண்டும், ஆயிரக்கணக்கில் விலை வைத்த ஷூ வேண்டும், உச்சியில் கையை விரித்தபடி ஒரு போட்டோ வேண்டும். சுலபமான நடையைச் சொன்னாலே "இதுக்கா அவ்வளவு தூரம்?" என்பார்கள். உண்மையில் சிகரம் என்பது முட்டி நன்றாக இருக்கும் சிலருக்கு மட்டும்தான். ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிவிட்டு வந்து டீ குடிக்கிற நடைதான் எல்லோருக்கும். அறுபது வயது அம்மாவும் பத்து வயதுப் பையனும் சேர்ந்து போக முடியாத பாதையை என்னவென்று கொண்டாடுவது?

சரி, இந்தச் சுலபமான நடையில் ஒரு அதிசயம் இருக்கிறது. நடக்கும்போது கண்ணுக்குத் தெரியாது.

ஹேஃபீல்டைச் சுற்றி இருக்கிற ஆட்டுப் புல்வெளிகள் எல்லாம் தனியார் சொத்து. கல் அடுக்கிய வேலி போட்டு வைத்திருப்பார்கள். ஆனால் வேலிக்கு நடுவே ஏறி இறங்க ஒரு மரப்படி இருக்கும். இல்லாவிட்டால் ஆள் மட்டும் நுழைகிற, ஆடு நுழைய முடியாத ஒரு கதவு இருக்கும் (இதற்கு 'கிஸ்ஸிங் கேட்' என்று பெயர், காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்). பக்கத்தில் பொதுவழி என்று எழுதிய ஒரு கைகாட்டி. யாரோ ஒருத்தருடைய வயலுக்குள் முன்பின் தெரியாத ஒருவர் நுழைந்து, நடுவில் நடந்து, அடுத்த பக்கம் வெளியேறிப் போகலாம். அனுமதி கேட்க வேண்டாம். விவசாயி எதிரே வந்தால் ஒரு வணக்கம் சொன்னால் போதும், அதுகூட மரியாதைக்குத்தான்.

இது விவசாயியின் பெருந்தன்மை இல்லை, சட்டம். பொதுவழி வயலின் குறுக்கே போனால் உழுகிறபோது அழிக்கலாம், ஆனால் பொதுவாக 14 நாளுக்குள் மறுபடி சரிசெய்து கொடுக்க வேண்டும். குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதை குறைந்தது 1 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். பாதை போகும் வயலில் எந்த ஜாதிக் காளையைத் தனியாக மேயவிடக் கூடாது என்றுகூட 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நடப்பவர்களைப் பயமுறுத்திப் பொய்யாக அறிவிப்புப் பலகை வைத்தால் அதுவும் குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப் பதிவான பொதுவழிகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர். பூமியை ஐந்து முறைக்கு மேல் சுற்றி வரலாம்!

இந்தப் பாதைகள் எதற்காக உண்டானவை? யாரும் காற்று வாங்கப் போட்டதில்லை. கோயிலுக்குப் போக, மாவு மில்லுக்குப் போக, சந்தைக்குப் போக, பக்கத்து ஊர் தேவாலயத்துக்குச் சவப்பெட்டியைத் தூக்கிப் போக. வேலைக்குப் போன கால்கள் போட்ட வழி. பின்னால் வந்தவர்களுக்கு அது உல்லாச நடை ஆனது.

சும்மாவும் கிடைத்துவிடவில்லை. ஹேஃபீல்டுக்கு மேலே உள்ள மேட்டுநிலங்களைப் பணக்காரர்கள் கிரவுஸ் என்கிற காட்டுப் பறவையைச் சுடுவதற்காக ஒதுக்கிக்கொண்டு, பழைய வழிகளை அடைத்தார்கள். 1876லேயே ஹேஃபீல்டில் பழைய பாதைகளைக் காக்க ஒரு சங்கம் ஆரம்பித்தாயிற்று. 1894இல் அதைவிடப் பெரிய சங்கம் ஒன்று மான்செஸ்டரில். அவர்கள் நில உடைமையாளர்களோடு பேசிப் பேசியே 1897இல் ஸ்னேக் பாத் என்கிற வழியைத் திறந்தார்கள். இன்றும் ஹேஃபீல்டில் இருந்து அந்த வழியில் நடக்கலாம்.

எல்லோருக்கும் தெரிந்த கதை 1932 ஏப்ரல் 24. அன்று ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களும் வேலை இல்லாத இளைஞர்களுமாகச் சில நூறு பேர் பௌடன் பிரிட்ஜ் அருகே இருந்த கல்குவாரியில் கூடி, தடை செய்யப்பட்ட கிண்டர் மேட்டில் ஏறினார்கள். தலைமை தாங்கிய பென்னி ராத்மேனுக்கு வயது 20. ரயிலில் வந்தால் ஸ்டேஷனிலேயே மடக்கிவிடுவார்கள் என்று சைக்கிளில் வந்து சேர்ந்தார். காவலாட்களோடு தள்ளுமுள்ளு ஆனது. 5 பேருக்குச் சிறை, ராத்மேனுக்கு 4 மாதம். 70 வருடம் கழித்து, 2002இல், அந்த நிலத்துப் பிரபுவின் பேரன் அதே பௌடன் பிரிட்ஜில் வந்து மன்னிப்புக் கேட்டார். சினிமா எடுக்கலாம், அப்படி ஒரு கதை.

ஆனால் ஒரு விஷயம். அன்றைக்கு இருந்த நடைச் சங்கங்களில் பல இந்த மீறலை ஆதரிக்கவில்லை. இன்று ஹேஃபீல்டில் ஒரு பாட்டி நிம்மதியாக வயலைத் தாண்டுகிறார் என்றால், அதற்கு ராத்மேனைவிட யாரோ பெயர் தெரியாத குமாஸ்தாக்கள்தான் அதிகக் காரணம். 1949இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு பகுதியிலும் உள்ள பொதுவழிகளை எல்லாம் கணக்கெடுத்து அதிகாரப்பூர்வமான வரைபடம் தயாரிக்க வேண்டும் என்றது. 1950களில் ஊராட்சி உறுப்பினர்களும் ஊர்க்காரர்களும் பென்சிலும் படமுமாக ஊரைச் சுற்றி நடந்தார்கள். இது எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, எத்தனை வருடமாக ஜனங்கள் போகிறார்கள் என்று எழுதினார்கள். படு போரான வேலை! பேரேடு எழுதுகிற மாதிரி. ஆனால் அந்தப் பேரேட்டில் ஏறிய பாதை பிழைத்தது. யாரும் நடக்காமல் புல் மண்டிப் போனாலும் உரிமை சாகாது.

ஏறாதது? அது மெல்லத் தொலைந்தது. 2000இல் வந்த சட்டம், பழைய ஆவணங்களைக் காட்டி விடுபட்ட வழிகளைச் சேர்க்க 2026 ஜனவரி 1 வரைதான் கெடு என்றது. நடைச் சங்கம் 2020இல் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களைப் பழைய மேப்புகளையும் புதிய மேப்புகளையும் ஒப்பிட வைத்தது. விடுபட்டுப் போனதாகக் கிடைத்தவை 49,000 மைலுக்கு மேல். கெடுவை 2031க்குத் தள்ளினார்கள். 2024 டிசம்பரில் கெடுவையே எடுத்துவிடப் போவதாக அரசு அறிவித்தது.

காசு கொடுக்காமல் நடக்கிற பாதையால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிற வணிகவியல் மாணவர்கள் 2001ஐப் பார்க்க வேண்டும். அந்த வருடம் பிரிட்டனில் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியது. நோய் பரவும் என்று நாடு முழுக்க கிராமத்துப் பாதைகளை மூடினார்கள். 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். ஆனால் தனியார் துறைக்கு ஏற்பட்ட 500 கோடி பவுண்டுக்கும் மேலான நஷ்டத்தில் அதிக அடி வாங்கியது சுற்றுலாவும் அதைச் சார்ந்த தொழில்களும்தான். கிராமத்து டீக்கடை, பப், தங்கும் அறை எல்லாம் பாதையை நம்பி இருந்தன என்பது பாதையை மூடின பிறகுதான் பலருக்கு உறைத்தது. பாதைக்கு டிக்கெட் இல்லாததால் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது சொத்தாக வரவில்லை.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். நடக்க இடமா இல்லை? ஏரிக்கரை, கண்மாய்க்கரை, வாய்க்கால் ஓரம், வரப்பு. காலை ஆறு மணிக்கு ஒரு ஏரிக்கரையில் கிடைக்கிற நடைக்கு ஹேஃபீல்ட் எல்லாம் கிட்டே வர முடியாது. பேரேடும் இருக்கிறது. நிலத்தை அளந்து புலப்படம் போட்டதும், அ-பதிவேடு என்கிற முறையைக் கொடுத்ததும் அதே வெள்ளைக்காரன்தான். பாதை, வண்டிப்பாதை, சுடுகாட்டுப் பாதை என்று புறம்போக்கு இனத்தில் தனி சர்வே எண்ணோடு எழுதியிருக்கும். இங்கிலாந்தில் அந்தப் படம் மக்கள் கைக்கு வந்தது, கடையில் விற்கும் மேப்பில் பச்சைக் கோடாக அச்சானது, வயல் ஓரத்தில் கைகாட்டியாக நின்றது. இங்கே அது தாலுகா அலுவலக பீரோவில் தங்கிவிட்டது. வண்டிப்பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரர் வருடத்துக்கு ஒரு அடியாக உழுது சேர்த்துக்கொண்டால் கேட்க யாருக்கும் தைரியம் வராது.

தைரியம் என்பது இங்கே சும்மா வந்த வார்த்தை இல்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், இறந்துபோன ஒரு தலித்தின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக ஆதிக்க சாதி நிலத்துக்காரர்கள் வழி விடவில்லை. பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உடலைக் கீழே இறக்கினார்கள். வீடியோ வெளியே வந்த பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அங்கே சவப்பெட்டி போன வழியில் இன்று பாட்டிகள் நாயோடு உலாவுகிறார்கள். இங்கே பிணத்துக்கே வழி இல்லை. இந்த நிலையில் "கிராமத்து நடை சுகமானது, எல்லோரும் வாருங்கள்" என்று எழுதினால், யார் நடக்கலாம், யார் நடந்தால் ஏன் என்று கேட்பார்கள் என்பதையும் சேர்த்துத்தானே எழுத வேண்டும்?

கல்லூரிகளில் என்.எஸ்.எஸ். முகாம் என்று 7 நாள் ஏதாவது ஒரு கிராமத்தில் போய்த் தங்குகிறார்கள். கோயில் வளாகத்தைப் பெருக்குவது, மரக்கன்று நடுவது (அடுத்த வருடம் அதே குழியில் மறுபடி நடுவது), கடைசி நாள் கலை நிகழ்ச்சி. அந்த 7 நாளில் 2 நாளை மட்டும் இதற்கு ஒதுக்கலாம். அந்த ஊர்ப் பதிவேட்டில் பாதை என்று எழுதியிருக்கும் சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நடந்து பார்ப்பது. எது திறந்திருக்கிறது, எதில் முள்வேலி, எது காலனிக்குப் போகிற இடத்தில் மட்டும் நின்றுபோகிறது என்று படத்தில் குறிப்பது. அதைப் பெரிய தாளில் வரைந்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு வருவது. புலப்படமும் அ-பதிவேட்டு விவரமும் அரசு இணையதளத்திலேயே சர்வே எண் கொடுத்தால் கிடைக்கும். பதிவேட்டை முழுதாகப் புரட்ட வேண்டுமானால் வி.ஏ.ஓ.வைப் பார்க்கலாம், அவர் சீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து!