புட்டிக்குள் ஒரு நண்டு

சென்ற ஆண்டு உயர்நிலை இரண்டு மாணவர்கள் சிலருடன் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குக் கற்றல் பயணம் சென்றிருந்தேன். அது கென்ட் ரிட்ஜில், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம்போலவே தோன்றாது. செடிகொடிகள் படர்ந்த பெரிய பாறை ஒன்றைக் கொண்டுவந்து வைத்ததுபோல் இருக்கும். சன்னல்கள் மிகக் குறைவு. வெளிச்சம் பட்டால் தோலும் இறகும் நிறம் வெளுத்துவிடும் அல்லவா?

மாணவர்கள் கையில் பயிற்சித்தாள் இருந்தது. அதில் முதல் கேள்வியே டைனோசரைப் பற்றியதுதான். பிரின்ஸ், அப்பலோனியா, டுவிங்கி என்று பெயர் சூட்டப்பட்ட மூன்று டைனோசர்களின் எலும்புக்கூடுகள் அங்கே நிற்கின்றன. சுமார் 150 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் தோண்டி எடுக்கப்பட்டவை. பார்த்தவுடன் வாய் பிளக்கத்தான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மாணவர்கள் அங்கேயே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மற்றப் பகுதிகளை ஒரே ஓட்டமாகப் பார்த்துவிட்டுப் பேருந்துக்குத் திரும்பிவிட்டோம்.

அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. டைனோசர் நம் ஊர் விலங்கு அன்று. அந்த அரும்பொருளகத்தின் உயிர்நாடியும் அதுவன்று. பார்வையாளர்களுக்குப் பெரும்பாலும் திறந்துவிடப்படாத அறைகளில், மதுசாரம் ஊற்றிய கண்ணாடிப் புட்டிகளில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் மீன், தவளை, பாம்பு, நண்டு ஆகியவைதாம் அதன் உண்மையான செல்வம் என்பேன். காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பவை ஏறத்தாழ 2,000 மட்டுமே. சேகரிப்பில் இருப்பவையோ பல இலட்சம்.

அந்தச் சேகரிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் பொருள்கள் அவை. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1887இல் திறக்கப்பட்ட வெள்ளைக் கட்டடத்தில் நெடுங்காலம் இருந்தன. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தின் இன்னல்களையும் அவை கடந்து வந்தன. ஆனால், சிங்கப்பூர் சுதந்திரம் அடைந்த பிறகுதான் அவற்றுக்குப் பெரிய சோதனை வந்தது. தேசிய அரும்பொருளகம் என்று பெயர் மாறிய அந்த இடம், வரலாற்றுக்கும் கலைக்கும் முதன்மை கொடுக்க முடிவு செய்தது. புதிய நாட்டுக்குத் தன் மக்களின் கதையைச் சொல்லவேண்டிய தேவை இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், விலங்குகளுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

1972இல் அவை அப்போதைய சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. அங்கேயும் நிலையான இடம் கிடைக்கவில்லை. ஆயர் ராஜாவில் இராணுவம் விட்டுச்சென்ற கட்டடங்கள், பிறகு நன்யாங் பல்கலைக்கழக நூலகம் என்று புட்டிகள் ஊர் சுற்றின. 1987இல்தான் கென்ட் ரிட்ஜுக்கு வந்து சேர்ந்தன. ஒரு வீடு மாறும்போதே பத்துத் தட்டு உடைகிறது! ஓர் இலட்சத்துக்கும் அதிகமான உயிரின மாதிரிகளை இத்தனை முறை இடம் மாற்றிக் காப்பாற்றியது சாதாரணச் செயலா? காப்பாளர் யாங் சாங் மான் போன்ற சிலரின் பொறுமைதான் அவற்றைக் குப்பைக்குப் போகாமல் தடுத்தது.

“செத்த விலங்குகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இடப்பற்றாக்குறை உள்ள நாட்டில் இது தேவையா? படம் எடுத்து வைத்தால் போதாதா?” என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. பயிற்சித்தாளில் இருக்கவேண்டிய கேள்வியும்கூட.

படம் போதாது என்பதே என் பதில். ஒரு படத்தில், எடுத்தவர் எதைக் காட்ட நினைத்தாரோ அதுதான் இருக்கும். உடலிலோ எடுத்தவருக்கே தெரியாதவையும் இருக்கும். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பறவையைப் பதப்படுத்தியவர் மரபணுச் சோதனை என்ற சொல்லைக்கூடக் கேட்டிருக்கமாட்டார். இன்று அதே பறவையின் சிறு துணுக்கிலிருந்து அதன் உறவினங்களைக் கண்டறிய முடிகிறது. பிரிட்டனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வல்லூறுகளின் எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று 1960களில் அறிவியலாளர்கள் குழம்பினார்கள். பல்லாண்டுகளாகச் சேகரித்து வைக்கப்பட்டிருந்த முட்டை ஓடுகளைப் புதிய ஓடுகளோடு ஒப்பிட்டபோது, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டது தெரிந்தது. டிடிடி என்னும் பூச்சிக்கொல்லிதான் அதற்குக் காரணம் எனப் பின்னர் உறுதியாயிற்று. பழைய முட்டைகளைச் சேகரித்தவர்கள் பூச்சிக்கொல்லியை ஆராயவா சேகரித்தார்கள்? இல்லை.

நம் நாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1854இல் புக்கிட் தீமாவில் இரண்டே மாதங்களில் சுமார் 700 வகை வண்டினங்களைச் சேகரித்தார். அன்றிருந்த காடுகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இன்று இல்லை. காட்டோடு சேர்ந்து எத்தனை உயிரினங்கள் மறைந்தன என்பதை ஆராய்ந்த கட்டுரை ஒன்று, 2003இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தது. சிங்கப்பூரில் பதிவான இனங்களில் கால்பங்குக்கும் மேற்பட்டவை அழிந்துவிட்டன என்று அது கணக்கிட்டது. முன்பு என்ன இருந்தது என்ற பதிவே இல்லாவிட்டால், என்ன போயிற்று என்று எப்படிக் கணக்கிடுவது? பணப்பையில் எவ்வளவு இருந்தது என்று தெரியாதவனுக்குத் திருட்டுப் போனதும் தெரியாது.

வளாகத்துக்குள் இருப்பதால் பொதுமக்கள் வந்து போவது கடினம், நகர மையத்திலேயே இருந்திருக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. பேருந்திலிருந்து இறங்கி வெயிலில் நடந்தபோது நானும் அப்படி நினைத்தேன். ஆனால், நகரம் கைவிட்டபோது அந்தப் புட்டிகளுக்குப் பயன் இருக்கிறது என்று நம்பியவர்கள் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார்கள். ஆய்வாளர்கள் தேவையானபோது புட்டியைத் திறந்து பார்க்கும் இடத்தில்தான் சேகரிப்பும் இருக்கவேண்டும். ஆய்வு நடக்காத சேகரிப்பு வெறும் கிடங்காகிவிடும்.

மக்களின் ஆர்வம் குறைவு என்றும் சொல்ல முடியாது. இந்த அரும்பொருளகம் 2015 ஏப்ரலில் திறக்கப்பட்டது. லீ அறநிறுவனம் உள்ளிட்ட நன்கொடையாளர்கள் கொடுத்த 40 மில்லியன் வெள்ளிக்கும் மேற்பட்ட பணத்தில் எழுந்தது அது. டைனோசருக்காகவும் மக்கள் வருகிறார்கள், வரட்டும். நுழைவுச் சீட்டு விற்றால்தான் புட்டிகளுக்கும் மதுசாரம் வாங்க முடியும்! ஆனால், மாணவர்களை அழைத்துச் செல்லும் நாம், பயணத்தை மறுமுனையிலிருந்து தொடங்கலாமே. முதலில் சேகரிப்பு எப்படிப் பாதுகாக்கப்படுகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு புட்டியின் சீட்டில் எழுதப்பட்டிருக்கும் இடம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகிய மூன்றும் ஏன் முக்கியம் என்று பேசலாம். அந்தச் சீட்டு இல்லாத நண்டு வெறும் நண்டுதான்.

நண்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ் என்பது சிங்கப்பூர் நன்னீர் நண்டின் அறிவியல் பெயர். அதன் ஓடு மூன்று செண்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். பகலில் ஓடைக் கற்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். உலகில் வேறெங்கும் இல்லாமல் இந்தத் தீவில் மட்டுமே வாழும் அந்த நண்டை, 1986இல் தனி இனமாக விவரித்தவர் பீட்டர் இங். பின்னாளில் இந்த அரும்பொருளகத்தின் தலைவராக இருந்தவர் அவர்தான். இன்று புக்கிட் தீமாவைச் சுற்றியுள்ள சில ஓடைகளில் மட்டுமே அது மிஞ்சியிருக்கிறது. அந்த இனத்துக்கு ஆதாரமான மாதிரி கென்ட் ரிட்ஜில் ஒரு புட்டிக்குள் இருக்கிறது. அடுத்த முறை செல்லும்போது என் பயிற்சித்தாளின் முதல் கேள்வி அதைப் பற்றியதாக இருக்கும்: இந்த நண்டு எந்த ஓடையில், எந்த நாளில் எடுக்கப்பட்டது? அந்த ஓடையில் இன்று தண்ணீர் ஓடுகிறதா?