சுப்பு ஆறுமுகத்தின் வில்லும் நம் ஊர்க் கொடையும்

தாமிரபரணிக் கரையூர்ப் பெரியவர்களே, கோயில் கொடை விழாவுக்கு வரி பிரிக்கிற தம்பிமாரே,

வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்தைப் பற்றி நம்மவரிடம் இரண்டு விதமான பேச்சு உண்டு. கடல் கடந்து வந்த எங்களுக்கு வில்லுப்பாட்டு என்றாலே அவர்தான். பொங்கல் விழாவில் போடத் தோதானது, பிள்ளைகளுக்கும் புரியும். ஊரிலோ அது மேடை வில்லு, சாமி வராத வில்லு. கேட்கக் கேட்க, இரண்டு பேச்சுமே அவரைக் குறைத்து எடைபோடுவதாக எனக்குப் படுகிறது. கொடை வில்லு எப்படி வேலை செய்கிறது என்பதை உள்ளிருந்து அறிந்து, அந்த விசையை வேறொரு வேலைக்குத் திருப்பியவர் அவர். அதைத் தாமதமாக உணர்ந்த ரசிகனாகத்தான் இதை எழுதுகிறேன்.

கொடையில் வில்லு தனிக் கச்சேரி இல்லை, சடங்கில் ஒரு பங்கு. தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் நாணைத் தட்ட, மணிகள் குலுங்க, குடமும் உடுக்கும் சேர்ந்துகொள்ள, வலத்தே பாடுகிறவர் விட்ட அடியை இடத்தே இருப்பவர் வாங்கிப் பாடுவார். தாளம் எங்கே இறுக வேண்டும் என்பதைக் கதையே சொல்லிவிடும். மாடு களவாட வந்தவர்களோடு மோதி முத்துப்பட்டன் சாகிற கட்டம் வந்தால், சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் ஏறும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நாம் கும்பிடுவது அவனைத்தான். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட வில்லுப்பாட்டு ஆய்விலும், கொல்லப்பட்டவர் கதைகளுக்கும் சாமியாட்டத்துக்கும் உள்ள இந்த நெருக்கமே மையமாக நிற்கிறது.

1928-இல் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகத்தைக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சென்னைக்கு அழைத்துப் போனார். கலைவாணருக்காக அவர் வில்லுப்பாட்டாக எழுதியது காந்தியின் கதை. தேசபக்திப் பிரசாரம் என்று இதை ஒதுக்குவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. வஞ்சகமாகக் கொல்லப்பட்ட ஒருவனைத் தெய்வமாக்கிப் பாடுவது நம் வில்லுக்குப் பழகிய வேலை. சுட்டுக் கொல்லப்பட்ட காந்தி அந்த வரிசைக்கு அந்நியரா என்ன? கதைத்தலைவர் மாறினார், கதையின் எலும்புக்கூடு மாறவில்லை. ஆனால் சபாவிலும் வானொலியிலும் கோமரத்தாடி கிடையாது, விடிய விடியப் பாட நேரமும் கிடையாது. அருளை நோக்கி ஏறுகிற தாளம் அங்கே எதில் போய் முடியும்? அவர் அதைப் பேச்சில் முடித்தார். பின்பாட்டுக்காரர் வெறுமனே ஆமாம் போடுகிறவராக இல்லாமல் குறுக்கே கேட்கிறவராக, சந்தேகப்படுகிறவராக ஆனார். முதல் தடவை கேட்கும்போது சிரிப்புதான் நிற்கும். பிறகு கேட்டால், வசனம் எந்தச் சொல்லில் தீர்கிறதோ அதன் மேலேயே பாட்டு எழும்புவதும், திருநெல்வேலிப் பேச்சின் இழுவையே தாளக் கணக்காகிவிடுவதும் காதில் விழும். இது சுலபமான வித்தை இல்லை. அவரைப் பார்த்துப் படித்துப் பள்ளி விழாக்களில் வில்லடிக்கும் பலரிடம் நகைச்சுவை இருக்கிறது, இந்தக் கணக்கு இல்லை.

சடங்கிலிருந்து பிரித்துவிட்டாரே என்ற மனத்தாங்கல் நியாயமானதுதான். 1965-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் மின்கிதாரோடு ஏறியபோதும் நாட்டுப்புறப் பாட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றே கூச்சல் கிளம்பியது. அவர் மின்கிதார் எடுத்ததால் பழைய பாட்டு அழியவில்லை. சுப்பு ஆறுமுகம் சபாவுக்குப் போனதால் நள்ளிரவுச் சாமக்கொடையும் நின்றுவிடவில்லை. அவருடைய புத்தி சொல்லும் பாட்டுகள் சில வெறும் அறிவிப்புப் பலகையாகவே நிற்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ரசிகன் என்பதற்காக அவற்றையும் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

கனமான குற்றச்சாட்டு வேறு. 2021-இல் பத்மஸ்ரீ பெற்று 2022 அக்டோபரில் மறைந்த அவர் பெயர் நாடறிந்தது. கொடைக் களங்களில் பல காலம் பாடி 2018-இல் மறைந்த குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனி அம்மாளை எத்தனை பேருக்குத் தெரியும்? உண்மைதான். ஆனால் அந்தப் பாராமுகத்துக்குச் சுப்பு ஆறுமுகத்தின் மேல் வழக்குப் போட முடியாது. வில்லுச் செட்டுக்குப் பேசிய பணத்தில் பேரம் பேசுவதும், இன்னிசைக் கச்சேரிக்கு வெளிநாட்டு உபயம் என்று பலகை வைப்பதும் நம் கை வேலை. எங்களைப் போன்றோர் அனுப்பும் பணமும் அதில் சேர்த்தி. அவருடைய வில்லின் தாளம் எங்கிருந்து வந்தது என்பது, சாமக்கொடையில் முழுக் கதை கேட்ட காதுக்குத்தான் பிடிபடும். ஆகவே தம்பிமாரே, எங்கள் உபயத்தை இந்த முறை வில்லுக்கு எழுதுங்கள். கதையைப் பாதியில் நிறுத்தி மைக்கை வாங்காமல், அண்ணாவி முடிக்கிற வரை விடுங்கள்.