பஞ்சருக்கு மருந்து தடித்த டியூப் மட்டும்தானா?

குளுவாங், கூலாய் வட்டாரங்களில் செம்பனைத் தோட்டத்து மண்பாதைகளிலும் குன்றுகளின் இறக்கங்களிலும் சைக்கிள் ஓட்டும் இளையோரை வார இறுதிகளில் காணலாம். அவர்களில் ஒருவருக்கு இரண்டு முறை பஞ்சர் ஆனால் போதும். "டவுன்ஹில் டியூப் வாங்கிப் போடு, தடியாக இருக்கும், ஒன்றும் ஆகாது" என்று நண்பர்களிடமிருந்து உடனே அறிவுரை வந்துவிடும்.

அந்த அறிவுரை பாதிதான் சரி என்பது என் கருத்து. நோய் என்ன, அதன் காரணம் என்ன என்று அறிந்த பிறகே மருந்து தர வேண்டும் என்றார் வள்ளுவர். அது சைக்கிளுக்கும் பொருந்தும். ஓட்டை எப்படி விழுந்தது என்று பாராமல் விலை கூடிய டியூப்பை வாங்கினால், அப்பா அம்மாவின் பணம் கரையும், பஞ்சர் நிற்காது. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. இறக்கத்தில் வேகமாகப் போகும்போது முன்சக்கரத்தில் காற்று சட்டென்று இறங்கினால், திருப்பும் பக்கம் சைக்கிள் திரும்பாது. அங்கே போவது பணம் மட்டுமல்ல.

ஓட்டை சொல்லும் சாட்சி

பஞ்சரான டியூப்பைத் தூக்கி எறியுமுன் அதைக் கொஞ்சம் காற்றடித்துப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு சிறு வெட்டுகள் தெரிந்தால், அதை ஓட்டுநர்கள் 'பாம்புக்கடி' என்பார்கள். சக்கரம் கல்லிலோ வேரிலோ மோதும்போது டயர் அமுங்குகிறது. உள்ளே காற்று போதாவிட்டால், ரிம்மின் இரு விளிம்புகளும் டியூப்பைக் கல்லோடு சேர்த்து நசுக்கிவிடும். இங்கே குற்றவாளி முள்ளும் அல்ல, டியூப்பும் அல்ல; காற்றழுத்தக் குறைவு.

டயரின் வெளிப்பக்கத்தை நோக்கிய இடத்தில் ஒரே ஒரு ஊசித்துளை இருந்தால் அது முள் அல்லது கம்பி. செம்பனை மட்டையின் ஓரங்களில் இருக்கும் கடினமான முட்களை நம் தோட்டப்புறத்தார் நன்கு அறிவர். வெட்டிப் போட்ட மட்டைமேல் சக்கரம் ஏறினால் முள் டயரைத் துளைத்து உள்ளே போய்விடும்.

துளை ரிம் பக்கமாக இருந்தால், ஆரக்கம்பியின் முனையோ நகர்ந்துபோன ரிம் பட்டையோ காரணம். வால்வின் அடியில் கிழிந்திருந்தால், குறைந்த காற்றில் ஓட்டியதால் டயர் ரிம்மின்மேல் வழுக்கி டியூப்பை இழுத்திருக்கலாம்.

நான்கு வகை ஓட்டைகளுக்கு நான்கு காரணங்கள். தடித்த டியூப் இவற்றுள் எதைத் தடுக்கும்?

தடிப்பு எவ்வளவு உதவும்?

சாதாரண மலைச்சைக்கிள் டியூப்பின் சுவர் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. எடை 200 கிராம் அளவில் இருக்கும். டவுன்ஹில் டியூப்பின் சுவர் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர், எடை 300 முதல் 500 கிராம் வரை போகும். தடித்த சுவர் நசுங்கலை ஓரளவு தாங்கும், உராய்வையும் தாங்கும். ஆனால் சென்டிமீட்டர் கணக்கில் நீளும் செம்பனை முள்ளுக்கு அரை மில்லிமீட்டர் கூடுதல் ரப்பர் ஒரு தடையே அல்ல. ரிம் பட்டை நகர்ந்திருந்தால் எந்த டியூப்பும் சில நாள்களில் துளைபடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டியூப்பில் அச்சிட்டிருக்கும் அகல அளவு டயருக்குப் பொருந்த வேண்டும். 2.4 அங்குல டயருக்குள் 1.75 அங்குல டியூப்பைப் போட்டுக் காற்றடித்தால் அது விரிந்து டயரை நிரப்பும். ரப்பரின் கன அளவு மாறாது. ஆகவே விரிந்த அளவுக்குச் சுவர் மெலியும். எளிமையாகக் கணக்கிட்டால் 0.9 மில்லிமீட்டர் சுவர் 0.65 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். அளவு தெரியாமல் வாங்கியவர் தடித்த டியூப்பைத் தாமே மெல்லிய டியூப்பாக்குகிறார்.

பம்ப்பில் இருக்கிறது பாதி விடை

இயற்பியலில் அழுத்தம் என்றால் விசையைப் பரப்பால் வகுப்பது என்று படிக்கிறோம். பின்சக்கரத்தின்மேல் 400 நியூட்டன் எடை இருப்பதாகக் கொள்வோம். டயரில் 200 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 29 பிஎஸ்ஐ காற்று இருந்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் அளவில் இருக்கும். காற்றைப் பாதியாக்கினால் பரப்பு 40 ஆகும். பரப்பு கூடினால் ஈரமண்ணில் பிடிப்பு கூடும். அதனால்தான் இறக்கத்தில் ஓட்டுவோர் காற்றைக் குறைக்க விரும்புகின்றனர். ஆனால் அதே குறைப்புதான் பாம்புக்கடியை அழைத்து வருகிறது.

வேகமும் சேர்ந்துகொள்ளும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30க்குப் போனால் இயக்க ஆற்றல் இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகிறது. சமதரையில் போதுமாக இருந்த காற்று இறக்கத்தில் போதாமல் போவது இதனால்தான்.

ஆகவே ஒருவருக்கு ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், அழுத்தமானி உள்ள பம்ப்பை வாங்கட்டும் என்பேன். பெருவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பது அளவீடு ஆகாது. வெயிலில் நிறுத்தினால் டியூப் வெடிக்கும் என்று பயந்து காற்றைக் கண்டபடி இறக்குவோரும் உண்டு. கணக்கிட்டுப் பாருங்கள். 27 பாகை செல்சியஸில் 30 பிஎஸ்ஐ இருந்த டயர் 47 பாகைக்குச் சூடேறினால், அழுத்தம் ஏறத்தாழ 33 பிஎஸ்ஐ ஆகும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச வரம்புக்குள் காற்றடித்திருந்தால் இந்த 3 பிஎஸ்ஐ ஏற்றம் ஆபத்தன்று.

நம் பால்மரமும் பியூட்டைலும்

டியூப் எதனால் ஆனது என்பதும் முக்கியம். ஐந்தாம் படிவ வேதியியலில் இயற்கை ரப்பரைப் பற்றிப் படிப்பீர்கள். நம்மில் பலருடைய தாத்தா பாட்டிமார் ஜொகூர்த் தோட்டங்களில் விடியற்காலையில் சீவி எடுத்த பால் அது. இயற்கை ரப்பர் டியூப் நன்றாக நீண்டு கொடுக்கும். நசுங்கினால் எளிதில் வெட்டுப்படாது. ஆனால் அதன் மூலக்கூறுகளுக்கிடையே காற்று நுழைந்து வெளியேறிவிடும். ஓரிரு நாளிலேயே டயர் தளர்ந்துபோகும்.

இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கறுப்பு டியூப்கள் பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் மெத்தில் தொகுதிகள் நெருக்கமாக அமைந்திருப்பதால் காற்று ஊடுருவ வழி குறைவு. இயற்கை ரப்பரோடு ஒப்பிட்டால் கசிவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. 1937இல் அமெரிக்காவில் ராபர்ட் தாமஸ், வில்லியம் ஸ்பார்க்ஸ் என்னும் இருவர் இதை உருவாக்கினர்.

பியூட்டைலின் வளர்ச்சியில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, எட்டு வாரத்திற்குள் ஜொகூர் பாரு வரை வந்துவிட்டது. படைவீரர்களில் ஆயிரக்கணக்கானோர் வந்தது சைக்கிளில். வெப்பத்தில் டயர்கள் பஞ்சரானபோது அவற்றைக் கழற்றிவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினர்; அந்த இரும்பு ஓசை இரவில் பீரங்கி வண்டிகள் வருவதுபோல் கேட்டதாம். மலாயாவும் அண்டை நாடுகளும் வீழ்ந்ததும் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் வரத்து பெரும்பாலும் அற்றுப்போனது. செயற்கை ரப்பர் உற்பத்தி அப்போது முடுக்கிவிடப்பட்டது. டியூப் செய்யப் பியூட்டைல் கைகொடுத்தது.

இயற்கை ரப்பரின் கதை அத்தோடு முடியவில்லை. இன்று மலையிறக்கப் போட்டியாளர்கள் பலர் டியூப்பே இல்லாத டயரை ஓட்டுகின்றனர். அதனுள் ஊற்றும் அடைப்புத் திரவங்கள் பலவற்றில் இருப்பது ரப்பர் பால்தான். முள் குத்தியதும் பால் கசிந்து, துளையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். மரத்தில் விழுந்த வெட்டுக்காயத்தைப் பால் மூடுவது போலவே இதுவும். டியூப் இல்லாததால் பாம்புக்கடிக்கும் இடமில்லை. ஆனால் அதற்குப் பொருத்தமான ரிம்மும் டயரும் வேண்டும். திரவத்தை அவ்வப்போது மாற்றவும் வேண்டும். மாணவர் எல்லாருக்கும் அந்தச் செலவு தேவையில்லை.

என் பரிந்துரை

பாம்புக்கடி என்றால் முதலில் காற்றைச் சில பிஎஸ்ஐ கூட்டுங்கள். அப்போதும் தொடர்ந்தால் பக்கச் சுவர் வலுவான டயர் வாங்குங்கள். அதன் பிறகே டவுன்ஹில் டியூப். முள் என்றால் டயரின் உட்புறத்தை விரலில் துணி சுற்றித் தடவி, சிக்கியிருக்கும் முனையை எடுங்கள். எடுக்காவிட்டால் புது டியூப்பும் அன்றே போகும். திரும்பத் திரும்ப முள்ளென்றால் அடைப்புத் திரவம் உதவும். ரிம் பக்கத் துளை என்றால் பட்டையை மாற்றுங்கள். அதற்குச் செலவு மிகக் குறைவு.

ஒட்டுப் போடவும் கற்றுக்கொள்ளுங்கள். துளையைச் சுற்றித் தேய்த்து, பசை தடவி, அது காயும்வரை பொறுத்து ஒட்டினால் பியூட்டைல் டியூப் இன்னும் பல மாதம் உழைக்கும். தோட்டத்து நடுவில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காத இடத்தில் இந்தக் கைத்தொழில்தான் உங்களை வீடு சேர்க்கும்.

டியூப்பைப் பற்றிப் பேசும்போது பிரேக்கை மறக்கக் கூடாது. 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருச் சாலையில், மாற்றியமைத்த சைக்கிள்களில் சென்ற பிள்ளைகள் எட்டுப் பேர் கார் மோதி இறந்தனர். வழக்கு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. யார்மேல் பிழை என்ற வாதத்திற்குள் நான் போகவில்லை. பிரேக்கும் விளக்கும் சரியில்லாத சைக்கிளுக்கு உயர்ந்த டியூப் போடுவதில் பொருளில்லை என்று மட்டும் சொல்கிறேன். தோட்டப் பாதைகளில் லாரிகளும் வரும். அனுமதி கேட்டு, பெரியவர் ஒருவருடன், தலைக்கவசம் அணிந்து செல்லுங்கள்.

பள்ளி அறிவியல் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சைக்கிளில் வரும் மாணவர்கள் ஒரு பஞ்சர் பதிவேடு வைக்கட்டும். நாள், இடம், காற்றழுத்தம், ஓட்டையின் வடிவம், டியூப்பின் வகை ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதட்டும். ஒரு தவணை முடிவில் அந்த அட்டவணையைப் பாருங்கள். உங்கள் வட்டாரப் பாதைக்கு எந்த டியூப் உழைக்கும் என்ற கேள்விக்கு, கடைக்காரரின் சொல்லைவிட அதில் நம்பகமான விடை கிடைக்கும்.