மிச்சம் அவர்களுக்கு, மாற்றுகிற வேலை எங்களுக்கு

வைகாசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் கண்ணகி அம்மன் சடங்கு. கதவு திறத்தல், கல்யாணக்கால் நடுதல், குளிர்த்தி என்று ஊருக்கு ஊர் நாள் வைத்துவிடுவார்கள். ஊருக்கு ஊர் பெனரும் அடித்தாக வேண்டும். செங்கலடிச் சந்தியில் பெனர் வடிவமைத்துக் கொடுக்கும் சின்னக் கடைக்காரனுக்கு அது நாலு காசு உழைக்கிற காலம். ஆனால் வடிவமைக்கப் போகிற நேரத்தை விட, கொண்டுவருகிற படத்தைத் திறக்கப் போகிற நேரம்தான் அதிகம்.

கோயில் நிர்வாகத்துப் பொடியன் பென் டிரைவை நீட்டுவான். "அண்ணன், எல்லாம் நல்ல கிளியர் படம். இரவிரவா இருந்து தேடி எடுத்த." செருகிப் பார்த்தால் வரிசையாக வெள்ளைத்தாள் ஐகன்கள். ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் டொட் வெப்பி. என்னிடம் இருப்பது விண்டோஸ் 7 கணினி, அதைவிடப் பழைய போட்டோஷொப். இழுத்துப் போட்டால், இது சரியான வகைக் கோப்பு இல்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். "என்ட போன்ல வடிவாத் தெரியுதே அண்ணன்?" என்று போனைத் தூக்கிக் காட்டுவான். தெரியும் தம்பி. போனில் தெரியும், குரோமில் தெரியும். அச்சடிக்கிற இடத்தில்தான் தெரியாது.

இந்த வெப்பி என்ற பட வகையைக் கூகுள் அறிவித்தது 2010 செப்டெம்பர் 30ஆம் திகதி. அந்த வருடத் தொடக்கத்தில் ஒன்2 என்ற கம்பனியை வாங்கியிருந்தார்கள். அந்தக் கம்பனியின் விபி8 என்ற வீடியோ நுட்பத்தில், தனியொரு காட்சியைச் சுருக்குகிற முறையை மட்டும் எடுத்துப் படங்களுக்குப் பொருத்தினார்கள். ஒரே தரத்தில் ஜேபெக்கை விட 25 முதல் 34 சதவீதம் சின்னதாக வரும் என்பது அவர்களுடைய கணக்கு. பொய்யென்று சொல்லமாட்டேன். டேட்டா போட்டுப் பார்க்கிற எங்கள் சனத்துக்கும் பக்கம் கெதியாகத் திறக்கிறது. ஆனால் பயர்பொக்ஸ் அதை ஏற்றது 2019இல். சபாரி 2020இல். போட்டோஷொப் தானாகவே திறக்கத் தொடங்கியது 2022 பெப்ரவரியில். பதினோரு வருடத்துக்கு மேல்! அதுவும் மாதாமாதம் சந்தா கட்டுகிற புதுப் பதிப்பில். சந்தா கட்டி பெனர் அடிக்கிற கடை இந்த வீதியில் எத்தனை இருக்கும் என்று யாரும் கேட்டுவிட வேண்டாம்.

2013இல் பேஸ்புக் ஒருமுறை படங்களை வெப்பியாகக் கொடுத்துப் பார்த்தது. இறக்கி வைத்தவர்கள் படம் திறக்கவில்லை, இன்னொருவருக்கு அனுப்பினால் அவருக்கும் திறக்கவில்லை என்று கத்தினார்கள். பிரச்சினை அன்றைக்கே வெளிச்சமாகிவிட்டது. அதற்குப் பிறகும் உலகமெல்லாம் வெப்பிக்குப் போனதென்றால், பார்க்கிறவனை மட்டும்தான் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். படத்தை எடுத்து வேறு எதற்காவது பயன்படுத்துகிறவன் அந்தக் கணக்கிலேயே இல்லை.

பெயரில் வெப்பி என்று போட்டிருந்தாலாவது பரவாயில்லை. ஜேபிஜி என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே வெப்பியாக இருக்கிற கள்ளக் கோப்புகள்தான் உயிரை வாங்கும். ஒரு படத்தைக் கேட்கும்போதே, தான் எந்தெந்த வகையை ஏற்பேன் என்பதையும் பிரவுசர் சேர்வருக்குச் சொல்லிவிடுகிறது. சேர்வரும் அதே முகவரியில், அதே பெயரில், சின்னதாக இருக்கிற வெப்பியைக் கொடுத்துவிடும். சேமிக்கிறவருக்கு எதுவும் தெரியாது. இன்னும் சிலர் யாரோ சொன்னார்கள் என்று பெயரின் பின்பாதியை அழித்து ஜேபிஜி என்று தாங்களே எழுதிக்கொண்டு வருவார்கள். போட்டோஷொப் அதைப் பார்த்து, ஜேபெக் குறியீடு பிழை என்று இன்னொரு பெட்டியைக் காட்டும். கோப்பே பழுதாகிவிட்டது என்று வாடிக்கையாளர் பதறுவார்.

பழுதா, வேடமா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. கோப்பை நோட்பேடில் திறவுங்கள். குப்பை எழுத்துகளாகத்தான் வரும். முதல் வரியைப் பாருங்கள். ஆர், ஐ, எஃப், எஃப் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், பிறகு கோப்பின் அளவைச் சொல்லும் நான்கு கிறுக்கல்கள், அதற்கடுத்து வெப்பி என்றே எழுதியிருக்கும். உண்மையான ஜேபெக் என்றால் தொடக்கத்திலேயே ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்று எங்காவது தென்படும். வந்தவரை நிற்க வைத்துக்கொண்டு நோட்பேடைத் திறந்தால், இவனுக்கு வேலை தெரியாதோ என்று ஒரு பார்வை பார்ப்பார். அதையும் தாங்கத்தான் வேண்டும்.

"ஒன்லைன்ல மாத்துங்களன்" என்பார்கள். அதையும் கணக்குப் பார்ப்போமே. 200 கிலோபைட் படத்தை 140ஆகக் குறைத்து 60 கிலோபைட் மிச்சம் பிடித்துத் தந்தார்கள். நான் அந்த 140ஐ மேலே ஏற்ற வேண்டும். மாற்றிக் கொடுக்கிற பக்கம் விளம்பரங்களோடு மெகாபைட் கணக்கில் இறங்கும். பதிவிறக்கு என்று எழுதிய பொத்தான்கள் நாலைந்து இருக்கும். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் விளம்பரம். பிறகு மாறிய ஜேபிஜி 250 கிலோபைட்டாகத் திரும்பி இறங்கும். மிச்சம் பிடித்தது எந்தக் கம்பனியோ, செலவு என்னுடைய ரீலோட்டில்.

காசை விடுங்கள். அம்மன் படத்தை அந்நிய சேர்வரில் ஏற்றினால் அம்மன் கோபிக்கமாட்டா. அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் ஏற்றலாமா? பதுளை வீதியால் கரடியனாறு, இலுப்படிச்சேனை, புல்லுமலையிலிருந்து பஸ் ஏறிச் சனம் பிரதேச செயலகத்துக்கு வரும். அப்படியே விண்ணப்பம் நிரப்பக் கடைக்கும் வரும். போனில் எடுத்த அட்டைப் படம் விண்ணப்பம் கேட்கிற வகையில் இல்லை என்றவுடன், கண்ட கண்ட தளத்தில் ஏற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். எந்த நாட்டில், யாருடைய கணினியில் அது எவ்வளவு காலம் கிடக்கும் என்று ஏற்றுகிறவருக்கும் தெரியாது, அட்டைக்காரருக்கும் தெரியாது. நான் அந்த வேலைக்குப் போவதில்லை. இர்பான்வியூ என்ற சின்ன மென்பொருள் 1996 முதல் இருக்கிறது. பழைய கணினியிலும் ஓடும். தேவையான பிளகினையும் போட்டுவிட்டால் வெப்பியைத் திறந்து ஜேபிஜியாகச் சேமிக்கும். 'பி' விசையை அழுத்தினால் ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே தடவையில் மாற்றும். வேடம் போட்ட கோப்பைக் கண்டால், பின்பெயர் பிழை, மாற்றவா என்று தானாகவே கேட்கும். விண்டோஸ் 11 வைத்திருப்பவருக்கு பெயின்ட்டே போதும். 2018இல் கூகுள்காரர்களே ஸ்குவூஷ் என்று ஒன்றை விட்டார்கள். அது படத்தை வெளியே அனுப்பாமல் பிரவுசருக்குள்ளேயே மாற்றுகிறது. சிக்கலைக் கொடுத்த வீட்டிலிருந்தே சீப்பும் வந்திருக்கிறது, நன்றி.

மாற்றிவிட்டால் முடிந்ததா? ஜேபெக்காக எடுத்த படத்தைத் தளக்காரர்கள் வெப்பியாக்கும்போது கொஞ்சம் போகும். நான் திரும்ப ஜேபெக்காக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். தரம் குறைத்துச் சுருக்கும் வெப்பி நிறத் தகவலைக் குறுக்கிலும் நெடுக்கிலும் பாதியாக்கித்தான் வைத்துக்கொள்கிறது. போனில் கண்ணுக்குத் தெரியாது. அம்மனின் சிவப்புப் பட்டும் குங்குமமும் ஆறு அடி பெனரில் வரும்போது, சிவப்பு கரையைத் தாண்டி மஞ்சளுக்குள் இறங்கியிருக்கும். 800 புள்ளி அகலப் படத்தை ஆறு அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்குப் பதினொரு புள்ளிதான் வரும் என்பது வேறு கதை. அதற்கும் ஏச்சு எனக்குத்தான். (கண்ணகி என்று தேடினால் மெரினாக் கடற்கரையில் சிலம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கிற சிலைதான் முதலில் வருகிறது. அதையும் இறக்கிக்கொண்டு வந்து, சடங்கு பெனரில் போடச் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.)

பின்னணி இல்லாமல் வெட்டிய குத்துவிளக்கு, பூமாலை போன்றவற்றை ஜேபிஜியாக மாற்றவே கூடாது. ஜேபிஜிக்கு வெறுமை தெரியாது, கறுப்போ வெள்ளையோ பூசிவிடும். அவற்றைப் பிஎன்ஜியாக்க வேண்டும். பிஎன்ஜி என்று நம்பி இறக்கினால் சாம்பலும் வெள்ளையுமான கட்டங்கள் படத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். அந்தக் கட்டத்தைப் படத்தில் வரைந்து வைத்த புண்ணியவானை ஒருநாள் சந்திக்க வேண்டும்.

சாவு வீட்டு வேலைதான் மனதைக் குடைகிறது. முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிக்கு ஒரு ஆச்சி பேத்தியோடு வந்தா. அவவுடைய மனிசனின் நல்ல படம் என்று இருப்பது ஒன்றே ஒன்று. சுவிஸிலிருந்து மகன் வந்தபோது ஐபோனில் எடுத்தது. தரம் குறையக்கூடாது என்று அவர் வட்ஸ்அப்பில் டொகியுமென்டாக அனுப்பியிருக்கிறார். நல்லெண்ணம்தான். ஆனால் 2017இல் வந்த ஐஓஎஸ் 11க்குப் பிறகு ஐபோன் தன்பாட்டில் ஹெயிக் என்ற வகையில் படம் எடுக்கிறது. அது பேத்தியின் போனில் திறக்கவில்லை, என் கணினியிலும் திறக்கவில்லை. "ஏன் மனே, படம் கெட்டுப் போச்சா?" என்று ஆச்சி கேட்டா. கெடவில்லை ஆச்சி, மாற்ற வேண்டும், கொஞ்சம் இருங்கள் என்றேன். ஐபோன் வைத்திருக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகளே, செட்டிங்ஸில் கமராவுக்குள் போனால் போர்மட்ஸ் என்று இருக்கும். அதில் 'மோஸ்ட் கொம்பட்டிபிள்' என்பதைத் தெரிவு செய்து வையுங்கள். கோடி புண்ணியம்.

இந்தக் கடைகளுக்கு மாற்றுகிற வேலை புதிது இல்லை. வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் அனுப்புகிற வாசகம் யூனிகோட்டில் வரும். பழைய போட்டோஷொப்பில் ஒட்டினால் கொம்பு ஒருபக்கமும் எழுத்து ஒருபக்கமுமாகச் சிதறும். அதைப் பாமினி எழுத்துருவுக்கு மாற்றித்தான் போடுவோம். பத்திரிகைக்குக் கொடுக்கும்போது திரும்ப யூனிகோட். அதிலாவது ஒரு ஆறுதல், எழுத்து எவ்வளவு மாறினாலும் தேயாது. படம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேய்கிறது.

தேயாமல் மாற்ற வழி இல்லாமலும் இல்லை. ஜேபெக் எக்ஸ்எல் என்று ஒன்றைச் செய்தார்கள். பழைய ஜேபெக்கை ஏறக்குறைய இருபது சதவீதம் சுருக்கி, வேண்டும்போது ஒரு பைட் பிசகாமல் அதே பழைய ஜேபெக்காகத் திருப்பித் தரும். என்னைப் போன்றவனுக்கென்றே செய்தது மாதிரி. 2022இல் குரோமிலிருந்து அதை எடுத்துவிடப் போவதாகக் கூகுள் அறிவித்தது, எடுத்தும் விட்டார்கள். அதற்கு முன்பே, 2020இல், ஏவிஃப் என்ற இன்னொன்றைக் குரோமுக்குள் விட்டாகிவிட்டது. வெப்பிக்கே இன்னும் என் கணினி பழகவில்லை.

மாற்றுவதற்கென்று ஒரு சின்னக் கூலி வாங்கலாம் என்று பார்த்தேன். வந்தாறுமூலைக் கம்பஸிலிருந்து ஒரு தங்கச்சி ஆய்வறிக்கை அடிக்க வந்தாள். படங்களைப் பழைய வேர்ட் ஏற்கவில்லை, எல்லாம் வெப்பி. மாற்ற இவ்வளவு ஆகும் என்றேன். "ஒன்லைன்ல சும்மா மாத்தலாமே அண்ணா, அதுக்கும் காசா?" என்றாள். சரி, மாத்திக்கொண்டு வாங்க, அடிச்சுத் தாறன் என்று அனுப்பினேன். பின்னேரம் வந்தாள். எல்லாப் படமும் ஜேபிஜியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு படத்தின் குறுக்கேயும் அந்தச் சும்மா தளத்தின் பெயர் மூலைக்கு மூலை எழுதியிருந்தது.